இரண்டு ஷிப்ட் சுவர்

காலை ஆறேகாலுக்கு நான் பேக்கரியிலிருந்து வருகிறேன்.
ஆறு பத்துக்கு இமாண்ட்ஸ் துறைமுகத்துக்குக் கிளம்பிவிடுகிறான்.
ஐந்து நிமிடம்தான்.
அதையும் லியெபாயாவின் காற்று
டிராம் நிறுத்தத்துக்கும் வீட்டுக்கும் நடுவே எங்கோ
தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

ஒரே மெத்தை.
அவன் விட்டுப்போன சூட்டில் நான் படுக்கிறேன்.
என் தலையணையில் மாவு, அவனுடையதில் கிரீஸ்.
செவ்வாய் இரவு மட்டும் இருவரும் இருப்போம்;
அன்றைக்குச் சுவரைப் பற்றிப் பேச
யாருக்கு மனம் வரும்?

சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள்.
எங்களிடம் சுவர் இருந்தது,
அதன் முன்னே சேர்ந்து நிற்க நேரம் இல்லை.
அதனால் பங்கு பிரித்தோம்.
மேலிருந்து கீழ்வரை ஒரு மாஸ்கிங் டேப்.
சன்னல் பக்கம் எனக்கு,
கதவுப் பக்கம் அவனுக்கு.
அடிப்பூச்சு இருவருக்கும் பொது: சாம்பல்.

நீலத்தில் பாதிக்குப் பாதி தண்ணீர்.
ஸ்பாஞ்சை முக்கு, பிழி,
பழைய செய்தித்தாளில் இரண்டு முறை ஒற்று,
பிறகுதான் சுவர்.
மணிக்கட்டை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் திருப்பு,
இல்லாவிட்டால் ஒரே முகம்
சுவர் முழுக்க உன்னையே பார்க்கும்.

எல்லாம் தெரியும்.
ஆனால் என் கைக்குப் பழக்கம் கம்பு ரொட்டி மாவு.
முதல் நாள் ஓங்கி அறைந்தேன்.
நீலம் ஒழுகி
தரையோரப் பலகையில் குளமாக நின்றது.

அவன் முறை வேறு.
கந்தைத் துணியை முறுக்கி, நனைத்து, உருட்டுவது.
முப்பது மீட்டர் உயரத்திலிருந்து
கன்டெய்னரை முட்டைபோல இறக்கி வைக்கிறவன்;
அவன் பாதி வரிசை வரிசையாக இருந்தது.
டேப்பின் மேல் பென்சிலில் எழுதியிருந்தான்:
"விஸ்மா, உன் பக்கம் மழை பெய்கிறது."
கீழே எழுதினேன்:
"உன் பக்கம் கப்பலில் சரக்கு ஏற்றுகிறார்கள்."

மூன்றாம் நாள்தான் அந்தக் கந்தையைப் பார்த்தேன்.
வாளி விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது
என் பிளானல் சட்டையின் இடது கை.
டேப்பில் இடம் போதவில்லை.
எழுத நினைத்த வார்த்தைகள் அப்படி.

கோபத்தோடு அவன் பக்கம் திரும்பிப் படுத்தேன்.
திரைச்சீலை விட்டுவைத்த வெளிச்சத்தில்
சுவர் மெல்லத் தெரிந்தது:
மடிப்பு, தையல், ஓரிடத்தில் பொத்தான் துளை.
மறுபடி மடிப்பு, தையல்.
கதவுவரைக்கும் என் முழங்கை.
சாயங்காலம் எழுந்தபோது
டேப்பில் புது வரி எதுவும் எழுதவில்லை.

டேப்பை ஈரம் காயும் முன்னே உரிக்க வேண்டும்.
யார் உரிப்பது என்று மட்டும்
யாரும் எழுதிவைக்கவில்லை.
இரண்டு நாள் கழித்து நான் இழுத்தேன்.
நீலத்தோடு சாம்பலும் வந்தது.
அடியில், விரல் அகலத்துக்கு,
எங்களுக்கு முன் குடியிருந்த யாருடைய பச்சையோ.
அவர்கள் எந்த நேரத்தில் தூங்கியவர்களோ.

பிறகு ஒரு நாள் புயல்.
காற்று எல்லை மீறினால் கிரேன் நிற்கும்.
நான் வந்தபோது அவன் வீட்டில் இருந்தான்,
காலுறையோடு, ஏணியின் கீழே,
அந்தப் பச்சையைப் பார்த்துக்கொண்டு.
"ஸ்பாஞ்சை எனக்குக் கொடு" என்றான்.
சட்டைக் கையை என்னிடம் நீட்டினான்.
ஈரமாக, கனமாக இருந்தது.
என் கையை நானே பிடித்துக்கொண்டதுபோல்.

அவன் மேலிருந்து, நான் கீழிருந்து.
அவன் ஒற்றியது மழைபோல இல்லை,
நான் உருட்டியது சரக்குபோலவும் இல்லை.
நடுவில் எங்கே சந்தித்தோம் என்று
இப்போது கேட்டால் காட்டத் தெரியாது.

ஸ்விட்சுக்கு மேலே கொஞ்சம் பச்சை பாக்கி.
ஏணி எட்டவில்லை என்று சொல்லிக்கொள்வோம்.

பதினோரு மணிக்குக் காற்று அடங்கியது.
துறைமுகத்திலிருந்து போன்.
ரொட்டித் துண்டைக் கடித்தபடியே ஓடினான்.
காதோரம் நீலம் ஒட்டியிருந்தது.
நான் சொல்லவில்லை.